ஏழாம் கொடிக்கும் எட்டாம் கொடிக்கும் நடுவில்

ஸ்டீபன் ஐந்து பத்துக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். குளித்தான். இரண்டு முட்டையை வேகவைத்து, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே உப்பில் தொட்டுத் தின்றான். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் அடைத்தான். முந்தின நாளும் எலுமிச்சை சாதம்தான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை நடந்தான். ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏறினான். கண்ணை மூடிக்கொண்டான். ஆறு ஐம்பதுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்கினான். கருவியில் விரல் வைத்தான். பச்சை விளக்கு எரிந்ததும் உள்ளே போனான்.

ஏழு மாதமாக இப்படித்தான். கியர்பாக்ஸ் கூடு வார்க்கிற கம்பெனியில் தர ஆய்வு அவன் வேலை. வந்த கூட்டை மேஜைமேல் வைத்து அளப்பான். அளவு சரியென்றால் வலப்பக்கம், தப்பென்றால் இடப்பக்கம். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. அதனால் அது பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. பிடித்தது, பிடிக்காதது என்ற இரண்டும் அவனை விட்டுப் போயிருந்தன.

அந்த வியாழக்கிழமை, டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தான். ஸுப்ரஜாவிடமிருந்து ஏழு அழைப்புகள்.

ஸுப்ரஜா அவன் மனைவி ஏஞ்சலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். திருவள்ளூர்க்காரி. அப்பாவும் அண்ணனும் பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறார்கள். இவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்து டீச்சர்களிலேயே ஓடத் தெரிந்த ஒரே டீச்சர். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஓட்டத்துக்கு அவள்தான் சரிபார்ப்பவள்.

அது சாதாரண ஓட்டம் இல்லை. ஓரியன்டீரிங் என்று பேர். பிள்ளைகளுக்கு அது வாயில் நுழையாமல் மேப்பு ஓட்டம் என்று ஆக்கிவிட்டார்கள். திறந்த வெளியில் பன்னிரண்டு இடங்களில் கொடி நட்டிருக்கும். ஓடுகிற பிள்ளையின் கையில் ஒரு மேப்பும் ஒரு திசைகாட்டியும் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஒன்றாம் கொடியிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டையும் தொட்டுவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது பிள்ளையின் பாடு. தரையில் அம்புக்குறி கிடையாது, கயிறு கிடையாது, இப்படிப் போ என்று கை காட்ட யாரும் நிற்க மாட்டார்கள். காகிதம் என்ன சொல்கிறதோ அதை நம்பி ஓட வேண்டும்.

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிற மேய்க்கால் புறம்போக்கை ஏஞ்சல்தான் மேப்பாக வரைந்தாள். இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகள். அடி எண்ணி நடந்து, ஒவ்வொரு பனையையும் ஒவ்வொரு புற்றையும் முள்புதரையும் குறித்தாள். ஸ்டீபன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனான். தை மாதம் முடிந்து வெயில் ஏறுமுன் ஒன்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஓடவிட வேண்டும் என்பது அவள் போட்டு வைத்த திட்டம். ஆடி மாதம் அவள் செத்துப்போனாள். நீங்க எடுத்து நடத்துறேளா என்று ஸுப்ரஜா கேட்டபோது அவன் சரி என்றான். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடி எங்கே என்று தீர்மானிப்பவர் ஒருவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அச்சான மேப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முதல்முறை வந்த பிள்ளை மாதிரி எல்லாக் கொடிக்கும் நடந்து பார்ப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டம் தொடங்கும். முதல் ஆள் ஸ்டீபன். இரண்டாம் ஆள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அன்று மேய்க்காலில் நடந்துகொண்டிருந்தாள். ஸ்டீபன் அவளைத் திருப்பிக் கூப்பிட்டான்.

"ஸ்டீபன், நான் ஏழாம் கொடிலேர்ந்து நேரா எட்டுக்கு வந்துண்டிருந்தேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "மேப்புல வெட்டவெளின்னு இருக்கு. சுத்தமான மஞ்சள். ஒரு புதர்கூட இல்ல."

"மஞ்சளா?"

"மஞ்சள்தான். ஆனா என் எதிர்ல ஒரு பள்ளம் இருக்கு. கன்னியம்மா மட்டும் துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்கலைன்னா நான் இப்போ உங்களோட பேசிண்டிருக்க மாட்டேன்."

பின்னால் கன்னியம்மாவின் குரல் கேட்டது. அந்த மேய்க்காலில் ஆடு மேய்ப்பவள். "யாரு, மேப்புக்காரா? இன்னா நைனா படம் போட்டுக்கீற நீ? டீச்சரு நேரா கால வெக்கப் பாத்திச்சு. மேல பாத்தா சிமிட்டித் தரை மாரி கீது, உள்ள சேறு. என் ரெண்டு ஆடு அதுலதான் பூட்ச்சு."

"அங்க ஊதா கோடு இருக்கணுமே" என்றான் ஸ்டீபன்.

"இல்ல. ஒரு கோடும் இல்ல" என்றாள் ஸுப்ரஜா.

அவன் மேஜைமேல் இருந்த கூட்டை அளக்காமலே விட்டுவிட்டு மேற்பார்வையாளரிடம் போய் லீவு கேட்டான். ஏழு மாதத்தில் முதல்முறை. அவர் காரணம்கூடக் கேட்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் ரயில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, வயல் முடிகிற இடத்திலிருந்து நடந்தான். மேய்க்கால் என்பது பெயர்தான். முக்கால்வாசி செம்மண்ணும் காய்ந்த புல்லும். நடுவில் உயர்மின் கோபுரங்கள் வரிசையாகப் போகும். கிழக்கே ஆலைகளின் புகை தெரியும். ஏழாம் கொடிக்கான இடம் ஒரு பாழுங்கிணற்றின் சுவர். எட்டாம் கொடி மொட்டைப் பனை. இரண்டுக்கும் நடுவே இருநூற்றுப் பத்து மீட்டர். கிணற்றுச் சுவரில் நின்று பார்த்தால் மொட்டைப் பனை கண்ணுக்குத் தெரியும். தெரிகிற இடத்துக்கு நேராகத்தான் எந்தப் பிள்ளையும் ஓடும்.

நடுவில் பள்ளம். யாரோ சவுடு மண் எடுத்துவிட்டுப் போன பள்ளம். பிறகு ஒரு உருக்காலையின் லாரிகள் வந்து உலைத் தூசியைக் கொட்டத் தொடங்கின. மழை பெய்து, தூசி ஊறி, மேலே ஓடு கட்டிக்கொண்டது. அந்த ஓட்டின்மேல் ஒரு கல்லைப் போட்டான் ஸ்டீபன். சத்தம் வரவில்லை. கல் போன வழி மெல்ல மூடிக்கொண்டது.

"நீ போட்ட கல்லுக்கு இன்னா அவசரம், அது பொறுமையாப் போவுது பாரு" என்றாள் கன்னியம்மா. "என் ஆடு போம்போது கத்திச்சு. அதான் வித்தியாசம்."

"நீங்க கம்பெனில சொல்லலையா?"

"சொல்லாம இன்னா. ஆபிசாண்ட போயி நாள் பூரா குந்திக்கினு இருந்தேன். ஆடு எங்க மேய்க்கணும்னு உனக்குத் தெர்லயான்னு கேட்டாங்கோ. எனக்குத் தெரியும் சாமி, ஆட்டுக்குத் தெர்லன்னேன்."

ஸ்டீபன் போனில் ஏஞ்சலின் பழைய மேப்பைத் திறந்தான். பள்ளத்தின்மேல் ஊதா நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. இந்த ஓட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே காலை வைக்காதே. ஸுப்ரஜா கையில் இருந்த புது அச்சில் அந்தக் கோடுகள் இல்லை. துடைத்து எடுத்துவிட்டு, சுற்றியிருந்த மஞ்சளையே இழுத்துப் பூசியிருந்தார்கள். சுத்தமான வேலை. ஒட்டுப்போட்ட இடம்கூடத் தெரியவில்லை.

எப்படி நடந்தது என்பது புரிய நேரமாகவில்லை. அச்சுச் செலவு, பந்தல், தண்ணீர், பனியன் எல்லாம் அந்த உருக்காலையின் சமூகப் பணிப் பிரிவு ஏற்றுக்கொண்டிருந்தது. லோகோ போட்டுத் தருகிறோம், பைலை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அவன் அனுப்பினான். திருத்த முடியாதபடி பூட்டி அனுப்பியிருக்க வேண்டும். திறந்தபடி அனுப்பினான். வந்த அச்சைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். கட்டு கட்டாகப் பள்ளிக்கூட அறையில் இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பார்க்காமல் கையெழுத்துப் போட்டது இது இரண்டாம் தடவை.

முதல் தடவை ஆடி மாதத்தில். குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரர் சாலையோரத்தில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, தடுப்பு வைக்காமல் போயிருந்தார். மழைத் தண்ணீர் நிரம்பி அதுவும் சாலை மாதிரியே கிடந்தது. ஏஞ்சலின் ஸ்கூட்டர் அதில் விழுந்தது. மறுநாள் போலீஸ் வந்து இடத்தைப் பார்த்தபோது இரண்டு லோடு கிராவல் கொட்டி மூடியிருந்தார்கள். ஏட்டு எதிரில் இருந்ததை வரைந்தார்: சாலை, புளியமரம், மின்கம்பம், வண்டி கிடந்த இடம். பள்ளம் இல்லை. அதனால் காரணமும் இல்லை. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து தானே விழுந்ததாக எழுதினார்கள். முப்பதுக்கு மேல் முள் ஏறாத அவளுடைய வண்டியை. நகலை நீட்டினார்கள். ஸ்டீபன் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தப் படத்தைப் பார்த்தான். அப்போதுகூட அவனுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இப்போது, மேய்க்காலின் நடுவில், பட்டப்பகலில், கோபம் வந்தது. காது சூடானது. ஏழு மாதம் காத்திருந்து, ஒரு மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் வந்தது.

"இன்னா நைனா, ஒரு மாரி கீற?" என்றாள் கன்னியம்மா. "தண்ணி குடிக்கிறியா?"

"வேணாங்க. ஆபிஸ் எந்தப் பக்கம்?"

"அது நல்லாத் தெரியும் எனக்கு. அங்க பெஞ்சு சரியில்ல, ஒரு காலு ஆடும். நின்னுக்கினே பேசு."

சமூகப் பணிப் பிரிவின் அதிகாரி அன்புசெல்வன். ஊத்துக்கோட்டைப் பக்கம். நல்ல மனிதர் என்று பேர் வாங்கியவர்; ஏஞ்சல் இறந்தபோது வீட்டுக்கு வந்து, சாவு வீட்டுக்கு நாற்காலிகள் அனுப்பி வைத்தவர். ஸ்டீபனைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்க ப்ரோ. பனியன் பாத்தீங்களா? கலர் சும்மா அள்ளுது."

ஸ்டீபன் மேப்பை மேஜைமேல் விரித்தான். "இங்க ஒரு பள்ளம் இருந்துச்சு."

அன்புசெல்வன் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பது பார்த்த விதத்திலேயே தெரிந்தது. "உக்காருங்க, சொல்றேன். டிசைன் பண்றவன் கேட்டான், இது இன்னா சார் ஊதாக் கலர்ல கொச்சகொச்சன்னு இருக்குன்னு. மேலிடத்துக்குக் காட்டினோம். எடுத்துடுன்னாங்க."

"பள்ளத்த எடுக்கச் சொன்னாங்களா, கோட்ட எடுக்கச் சொன்னாங்களா?"

"ப்ரோ." அவர் கதவைச் சாத்தினார். "நூத்தி எம்பது பசங்க. ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் இந்தப் பேப்பர் போவும். நம்ம லோகோ மேல, பள்ளம் கீழ. எவனாவது ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டான்னு வையுங்க, யாரு கொட்டினது, யாரு பர்மிஷன் குடுத்ததுன்னு கேள்வி வரும். அடுத்த மாசம் எப்பிடியும் அத மூடப்போறோம். மூடப்போற பள்ளத்துக்கு எதுக்கு மேப்பு?"

"ஓட்டம் அடுத்த மாசம் இல்ல. ஞாயித்துக்கிழமை."

"ரெண்டு செக்யூரிட்டி நிக்கவெக்கிறேன். போதுமா? நாலு பேரு வேணுமா, சொல்லுங்க."

"நாலு ஆளு நிக்கவெக்கற அளவுக்குப் பெரிய பள்ளம். பேப்பர்ல மட்டும் இல்ல."

அன்புசெல்வன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல ப்ரோ. எனக்கும் ரெண்டு பசங்க கீறாங்க. ஆனா இதெல்லாம் மேடம் பேர்ல நடக்குது. அவங்க இருந்திருந்தா பேஜாரு பண்ணியிருக்க மாட்டாங்க. பசங்க சந்தோசமா ஓடணும், அதான் அவங்களுக்கு வேணும். அட்ஜஸ்ட் பண்ணியிருப்பாங்க."

அவள் புற்று ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளிக் குறித்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்து, மறுநாள் வெயிலில் அவனையும் இழுத்துக்கொண்டு திரும்பப் போனவள். ஸ்டீபன் அதைச் சொல்லவில்லை. இவரிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அதையும் துடைத்து மஞ்சள் பூசிவிடுவார் என்று தோன்றியது. மேப்பை மடித்து எடுத்துக்கொண்டான்.

"அப்போ ஓகே தானே ப்ரோ?"

"இல்ல" என்றான் ஸ்டீபன்.

ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் ஸுப்ரஜா காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் கணக்கு டீச்சர் மாதிரியே யோசித்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோபிச்சுக்காதீங்கோ. எட்டாம் கொடியை எடுத்துடலாம். ஏழுலேர்ந்து ஒன்பதுக்குக் கிழக்கால போயிடலாம். பள்ளத்துப் பக்கமே யாரும் போக வேண்டாம். அச்சடிச்சதும் வீணாகாது, அவாளும் பிரச்சினை பண்ண மாட்டா, குழந்தைகளும் பத்திரம்."

அது நல்ல வழிதான். ஸ்டீபன் டீ ஆறுகிற வரை அதைப் பற்றி யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் எதுவும் ஆகாது. அன்புசெல்வன் கையைப் பிடித்துக் குலுக்குவார். அவன் கையெழுத்துப் போடுவான்.

"பசங்க மேப்ப ஊட்டுக்கு எடுத்துக்கினு போவாங்க" என்றான். "ஏஞ்சல் பசங்க அப்பிடித்தான். அடுத்த வாரமே சைக்கிள்ல வந்து அவங்களே ஓடிப் பாப்பாங்க. அப்போ நாம இருக்க மாட்டோம். கொடி இருக்காது, செக்யூரிட்டி இருக்க மாட்டான். அந்தப் பேப்பர் மட்டும்தான் இருக்கும். அதுல மஞ்சள் இருக்கும்."

ஸுப்ரஜா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவ இப்பிடித்தான் ஒரு படம் வரைஞ்சு குடுத்தாங்க, வாங்கிக்கினேன்" என்றான். "இன்னொன்னுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். எட்டாம் கொடி அங்கயே இருக்கட்டும். பள்ளமும் மேப்புல இருக்கணும்."

ஏழு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல இத்தனை வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

"சரி, பேனா எத்தனை வேணும்?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறையில் மூன்று டீச்சர்களும் ஸ்டீபனும் உட்கார்ந்தார்கள். ஊதா நிற ஸ்கெட்ச் பேனா பதினாறு. நூற்று எண்பது மேப்பு. அட்டையில் பள்ளத்தின் வடிவத்தை வெட்டி ஒரு அச்சு செய்திருந்தான் ஸ்டீபன். அதை ஒவ்வொரு மேப்பின்மேலும் கிணற்றுக்கும் மொட்டைப் பனைக்கும் நடுவில் சரியாகப் பொருத்தி, ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் தரையில் பத்து மீட்டர் தப்பும். தப்பினதை ஸ்டீபன் இடப்பக்கம் தள்ளினான். பதினோரு மேப்பு தள்ளுபடியானது. கையிருப்பாக வைத்திருந்த இருபதிலிருந்து பதினொன்று எடுத்துப் போட்டார்கள்.

"நீங்க ஆபிஸ்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள் ஸுப்ரஜா. "உங்க கம்பெனில ஒரு லோடாவது வெளில போறதா?"

ஏழு மாதத்தில் அவன் உதடு சிரிப்பதுபோல் கொஞ்சம் அசைந்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பந்தல் தயாராக இருந்தது. பஸ்களில் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பள்ளிக்கூடம், ஒன்பது நிறச் சீருடை. எல்லோருக்கும் மேலே கம்பெனிப் பனியன். கன்னியம்மா விடியுமுன்னே ஆடுகளை வடக்கே ஓட்டிவிட்டு, பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்துப் பள்ளத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகச் செய்தது.

பந்தலின் பின்புறம் முழுக்க ஒரு பேனர். ஏஞ்சலின் அடையாள அட்டைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அவளுக்கு அந்தப் படமே பிடிக்காது. அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில்:

ஓடுங்கள், வழி தானே பிறக்கும்.
மறைந்த ஆசிரியை ஏஞ்சலின் கடைசி வார்த்தைகள்.

ஸ்டீபன் அதை இரண்டு தடவை வாசித்தான். இந்த ஓட்டத்தில் வழி தானே பிறக்காது. நின்று, மேப்பைத் திருப்பி, வடக்கு பார்த்து, அதற்குப் பிறகு ஓடு என்பதுதான் அவள் நான்கு வருஷம் தொண்டை கிழியக் கத்தியது. அவள் சொன்னதற்கு நேர் எதிரானதை எழுதி, அதன்கீழ் அவள் பேரைப் போட்டு, சாகிற நேரத்தில் சொன்னதாகவும் சேர்த்திருந்தார்கள். இதை யார் யோசித்திருப்பார்கள்? ஏசி அறையில் நாலு பேர் சேர்ந்து யோசித்திருப்பார்கள். ஒருவர் நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பார்.

அன்புசெல்வன் அங்கே வந்தார். கையில் ஒரு மேப்பு. விரித்தபடி இருந்தது.

"இது இன்னா ப்ரோ?"

"பள்ளம்."

"விளையாடறீங்களா? சீஃப் கெஸ்ட் வந்துக்கினு இருக்காரு. எங்க பிளான்ட் ஹெட் கூட வர்றாரு. இதப் பாத்தாருன்னா எனக்கு வேலை இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "ஆபிஸ்ல ஐம்பது காப்பி கிளீனா இருக்கு. எடுத்துக்கினு வரச் சொல்லிட்டேன். முதல் ஐம்பது பசங்க அதுல ஓடட்டும். போட்டோ முடிஞ்சதும் மத்தது பாத்துக்கலாம்."

"ஓட முடியாது" என்றாள் ஸுப்ரஜா. கழுத்தில் விசில் தொங்கியது. "அந்த மேப்புக்கு நான் கையெழுத்துப் போடல. என் கையெழுத்து இல்லாம ஸ்டார்ட் கிடையாது."

"மேடம், பர்மிஷன் லெட்டர் எங்க கம்பெனி பேர்ல இருக்கு. வேணாம்னா நிறுத்திடலாம். பந்தல், தண்ணி, பனியன், எல்லாம் எங்களுது."

"தாராளமா எடுத்துண்டு போங்கோ. குழந்தைகள்ட்ட தண்ணி பாட்டில் இருக்கு."

கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆபிசரு நைனா" என்றாள். "பந்தல அவுத்துக்கினு போவ, சரி. பனியன உருவிக்கினு போவ, அதுவும் சரி. இந்தத் தரைய இன்னா பண்ணுவ? பாயி மாரி சுருட்டிக்கினு போவியா?"

அருகில் நின்ற டீச்சர்கள் சிரித்தார்கள். அன்புசெல்வனுக்கு முகம் சிவந்தது. மேற்கே மண்பாதையில் புழுதி எழும்பியது, இரண்டு கார்கள். நூற்று எண்பது பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மேப்பு ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க அரை மணி நேரமாவது ஆகும். கார் வந்து சேர மூன்று நிமிஷம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் கணக்குத் தெரியும்.

"சரி ப்ரோ" என்றார் கடைசியில். மைக்கை அவன் கையில் திணித்தார். "மேடத்தப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை. அவ்ளோதான். பள்ளம் கிள்ளம்னு பேசாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

நிஜமாகவே கும்பிட்டார். அதைப் பார்க்க ஸ்டீபனுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு போட்டோக்காரர் பேனர் எதிரில் வந்து நின்றார். ஸ்டீபன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"மேப்பைத் திருப்புங்க. வடக்கு வடக்கைப் பாக்கட்டும்."

நூற்று எண்பது காகிதங்கள் திரும்பின.

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஊதா கோடு இருக்கு. பாத்தீங்களா? பேனாவுல போட்டது. அச்சடிச்ச மேப்புல இல்ல. அது பள்ளம். மேல தரை மாதிரி இருக்கும், உள்ள உலைத் தூசி. ஏழுல நின்னா எட்டு நேராத் தெரியும். நேராப் போவாதீங்க, சுத்திப் போங்க. எடது பக்கம் போனா அம்பது மீட்டர் அதிகம், வலது பக்கம் எழுபது. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்தத் தூசிய யாரு கொட்டினாங்கன்னு எழுத மேப்புல எடம் இல்ல. லோகோ எடத்த எடுத்துக்கிச்சு."

முன்வரிசையில் ஒருவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அன்புசெல்வன் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் இருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் விரலால் ஊதா இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். வந்த வேலை முடிந்தது. ஸுப்ரஜா விசிலை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றான் ஸ்டீபன். "மேப்புல இருந்த தப்பத் திருத்தியாச்சு. பின்னால இருக்கற பேனர்லயும் ஒண்ணு இருக்கு. அவ அப்பிடிச் சொல்லவே இல்ல. சாவும்போது அவகிட்ட யாரும் இல்ல. நான் இல்ல. யாருமே இல்ல. அதுல எழுதியிருக்கறத எழுதினவங்களும் இல்ல."

அவன் நிறுத்தினான். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். இதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. அவள் விழுந்த நாள் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். காலை ஏழு இருபதுக்கு அவள் வீட்டு கேட் எதிரில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கிய மழைக்கோட்டு, அவளுக்கு இரண்டு அளவு பெரியது. அதற்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா அவ சொன்னது என்கிட்டதான்" என்றான். "சரியா இதான் சொன்னா. இன்னா பாத்துக்கினு நிக்கற, கேட்டத் தொற, லேட்டாவுது."